எலும்புருக்கி நோயோடு போராடிய எழுத்தாளர்

உலகம் முழுவதும் தெரிந்த பெயர் ஜார்ஜ் ஆர்வெல். "விலங்குப் பண்ணை", "1984" ஆகிய நாவல்களை எழுதியவர் இவர். பல மொழிகளில் அந்த நூல்கள் வெளிவந்திருக்கின்றன. தமிழிலும் வந்திருக்கின்றன.

ஆனால் இந்த எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும் மார்பு நோயோடு போராடினார் என்பது பலருக்குத் தெரியாது. 46 வயதில் அவர் இறந்தார். அப்போது அந்த நோய்க்கு மருந்து இல்லாமல் இல்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கடல் கடந்து அது அவரிடம் வந்தும் சேர்ந்தது. அப்படியும் அவர் பிழைக்கவில்லை.

ஏன்? அந்தக் கதைதான் இது.

பீகாரில் பிறந்தவர்

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். அவர் வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது இந்தியாவில்தான். பீகாரில் உள்ள மோதிஹாரி என்ற ஊரில் 1903-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் அரசாங்கத்தின் அபினி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆனதும், தாய் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு மார்பு பலவீனம். அடிக்கடி சளி பிடிக்கும். இருமல் வரும்.

1922-ல் பர்மா போலீசில் அதிகாரியாகச் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். வெள்ளையர் ஆட்சியில் நடந்த கொடுமைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. 1927-ல் ஊருக்குத் திரும்பி, வேலையை உதறினார். எழுதிப் பிழைப்பது என்று முடிவு செய்தார்.

பிழைப்பு எளிதாக இல்லை. பாரிஸ் நகரத்து ஓட்டலில் பாத்திரம் கழுவினார். லண்டனில் பிச்சைக்காரர்களோடு சேர்ந்து அலைந்தார். 1929-ல் பாரிசில் காய்ச்சல் கண்டு, ஏழைகளுக்கான ஆஸ்பத்திரியில் படுத்தார். 1933-ம் ஆண்டு கடைசியில், கொட்டும் குளிர் மழையில் மோட்டார் சைக்கிளில் போனார். நிமோனியா வந்துவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிய காரியம் ஆயிற்று.

போதாக்குறைக்குப் புகைப் பழக்கம் வேறு. காரமான புகையிலையைத் தன் கையாலேயே சுருட்டி, ஓயாமல் புகைத்தார். மார்பு நோய்க்காரர் செய்யக் கூடாத காரியம் அது. கடைசி வரை அவர் அதை விடவில்லை.

ரத்தம் வந்தது

1936-ல் எய்லீன் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் சேர்ந்து சண்டையிட்டார். அங்கே துப்பாக்கிக் குண்டு ஒன்று அவர் கழுத்தைத் துளைத்துச் சென்றது. மயிரிழையில் உயிர் தப்பினார்.

குண்டுக்குத் தப்பியவரை நோய் விடவில்லை. 1938 மார்ச் மாதம் இருமலோடு ரத்தம் வந்தது. கெண்ட் மாவட்டத்தில் உள்ள ஒரு சானடோரியத்தில் சேர்த்தார்கள். எய்லீனின் அண்ணன் அங்கே மார்பு நோய் நிபுணராக இருந்தார். எலும்புருக்கி நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள். ஆனால் சளியைச் சோதித்ததில் கிருமி அகப்படவில்லை. நுரையீரலில் பழைய கோளாறு இருப்பது மட்டும் தெரிந்தது.

சுமார் ஐந்தரை மாதம் அங்கே இருந்தார். குளிர் காலத்தை வெப்ப நாட்டில் கழிக்கும்படி டாக்டர்கள் சொன்னார்கள். அதற்குப் பணம் ஏது? மையர்ஸ் என்ற நாவலாசிரியர் தன் பெயரை வெளியிடாமல் 300 பவுன் கொடுத்து உதவினார். கணவனும் மனைவியும் மொராக்கோ நாட்டுக்குப் போனார்கள். ஓய்வெடுக்கப் போன இடத்திலும் ஆர்வெல் ஒரு நாவலை எழுதி முடித்தார்!

இரண்டாவது உலகப் போர் வந்தது. அவருடைய மார்பைச் சோதித்த ராணுவம், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1941 முதல் 1943 வரை லண்டன் பி.பி.சி. ரேடியோவில், இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். முல்க்ராஜ் ஆனந்த், இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்து ஆகியோர் அந்த நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டார்கள்.

தாயில்லாக் குழந்தை

1944-ல் ஆர்வெலும் எய்லீனும் ஓர் ஆண் குழந்தையைத் தத்து எடுத்தார்கள். ரிச்சர்டு என்று பெயர் வைத்தார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை. 1945 மார்ச்சில், ஓர் ஆபரேஷனுக்காக மயக்க மருந்து கொடுத்தபோது எய்லீன் இறந்து போனார். அப்போது ஆர்வெல் போர் நிருபராக வெளிநாட்டில் இருந்தார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சிலர் யோசனை கூறினார்கள். ஆர்வெல் மறுத்துவிட்டார். தானே வளர்ப்பது என்று உறுதி கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் "விலங்குப் பண்ணை" வெளிவந்தது. புகழும் பணமும் ஒன்றாக வந்தன. அனுபவிக்க மனைவி இல்லை.

1946-ல் ஸ்காட்லாந்துக்கு மேற்கே உள்ள ஜூரா என்ற தீவில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். தங்கை அவ்ரில் வீட்டைக் கவனித்துக் கொண்டார். அங்கே மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. டாக்டரும் பக்கத்தில் இல்லை. கடைசி சில மைல் தூரம் கரடுமுரடான பாதை. ஆனால் எழுத அமைதி கிடைத்தது. மகன் ஓடி விளையாட இடம் கிடைத்தது. "1984" நாவலை அங்கேதான் எழுதத் தொடங்கினார்.

1947 ஆகஸ்டில் ஒரு விபத்து. ரிச்சர்டையும் உறவினர் சிலரையும் படகில் ஏற்றிக் கடலில் சென்றார். பெரும் நீர்ச்சுழல் ஒன்றில் படகு சிக்கியது. மோட்டார் கழன்று கடலில் விழுந்தது. ஒரு பாறைத் தீவை அடைந்தபோது படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் அடியிலிருந்து மூன்று வயது மகனை ஆர்வெல் மேலே தூக்கினார். நனைந்த துணியோடு பாறையில் காத்திருந்தவர்களை, அந்த வழியே வந்த மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

அந்த ஆண்டின் இறுதிக்குள் நாவலின் முதல் படியை முடித்தார். அதோடு படுத்துவிட்டார்.

வயிற்றுக்குள் காற்று

1947 டிசம்பரில் கிளாஸ்கோ நகருக்கு அருகே உள்ள ஹேர்மயர்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்தத் தடவை சந்தேகமே இல்லை. எலும்புருக்கி நோய்தான். இடது நுரையீரலில் குழி விழுந்திருந்தது.

அன்றைய சிகிச்சை விசித்திரமானது. நுரையீரலை ஓய்வாக வைத்தால் புண் ஆறும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். மூச்சு விடும் உறுப்புக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தசைத் திரை இருக்கிறது. அதை இயக்கும் நரம்பு கழுத்து வழியாகப் போகிறது. கழுத்தில் கீறி அந்த நரம்பை நசுக்கினார்கள். பிறகு நீண்ட ஊசி மூலம் வயிற்றுக்குள் காற்றை ஏற்றினார்கள். காற்று தசைத் திரையை மேலே தள்ளும். நுரையீரல் சுருங்கி, அசைவு குறைந்து கிடக்கும்.

ஏற்றிய காற்றை உடம்பு மெல்ல உறிஞ்சிவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒரு முறை மறுபடியும் ஊசி. அந்த ஊசிக்கு ஆர்வெல் உள்ளூர அஞ்சினார். ஆனாலும் ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை என்று அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஒருவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார்.

உடல் வேதனையைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. மகனை அருகில் சேர்க்க முடியவில்லை. முத்தமிட்டால் நோய் தொற்றிவிடுமோ என்ற பயம். தாயை இழந்த பிள்ளை தந்தையையும் மறந்துவிடுமோ என்ற கவலை. எப்போதும் படுத்துக் கிடக்கும் யாரோ ஒருவர் என்று பிள்ளை தன்னை நினைத்துவிடக் கூடாதே என்று தவித்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்த மருந்து

1943-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு புது மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த அந்த மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். எலும்புருக்கிக் கிருமியை அடக்கிய முதல் நல்ல மருந்து அதுதான். பிரிட்டனில் அது கடையில் கிடைக்காது. சோதனைக்காகக் கொஞ்சம் மட்டுமே வந்திருந்தது.

பத்திரிகை ஆசிரியர் டேவிட் ஆஸ்டர், ஆர்வெலின் நண்பர். அமெரிக்காவிலிருந்து மருந்தை வரவழைக்க அவர் ஏற்பாடு செய்தார். சுகாதார மந்திரி அனூரின் பெவன் அனுமதி அளித்தார். செலவு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆர்வெல் சொல்லிவிட்டார்.

1948 பிப்ரவரியில் ஊசி போடத் தொடங்கினார்கள். தினம் ஒரு கிராம். நோய் தணிய ஆரம்பித்தது. ஆனால் சில வாரங்களில் வேறு விபரீதம் தோன்றியது. முகம் சிவந்தது. தோல் உரிந்தது. தொண்டையிலும் வாயிலும் புண். உதடுகளில் ரத்தக் கொப்புளம். காலையில் எழுந்தால் உதடுகள் ரத்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவிய பிறகுதான் வாயைத் திறக்க முடியும். நகங்கள் சிதைந்தன. தலைமுடி கொட்டியது. இவற்றையெல்லாம் ஆர்வெலே பின்னர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

மருந்தின் அளவை எப்படிக் குறைப்பது, ஒவ்வாமையை எப்படிச் சமாளிப்பது என்பது அந்த டாக்டர்களுக்கு அப்போது தெரியாது. சுமார் 50 நாட்களில் ஊசியை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்த மருந்து வேறு இரண்டு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் குணம் அடைந்தார்கள்!

கடைசி வேலை

ஆர்வெலுக்கும் ஓரளவு பலன் கிடைத்தது. சளியில் கிருமி மறைந்தது. 1948 ஜூலையில் வீடு திரும்பினார். ஓய்வு எடுத்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கக் கூடும். ஆனால் நாவல் பாதியில் நின்றது. அடித்தல் திருத்தல் நிறைந்த கையெழுத்துப் பிரதியை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. அதை டைப் செய்ய ஆள் தேடினார். தொலைதூரத் தீவுக்கு வர யாரும் கிடைக்கவில்லை.

தானே டைப் செய்தார். காய்ச்சலோடு, பெரும்பாலும் படுக்கையில் சாய்ந்தபடியே செய்தார். டிசம்பர் தொடக்கத்தில் வேலை முடிந்தது. அவரும் ஓய்ந்துபோனார்.

1949 ஜனவரியில் கிரேன்ஹாம் என்ற ஊரில் உள்ள சானடோரியத்துக்குப் போனார். அங்கே "பாஸ்" என்ற இன்னொரு மருந்து கொடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசினை மறுபடி முயன்றார்கள். முதல் ஊசிக்கே உடம்பு தாங்கவில்லை. ஜூன் 8-ந் தேதி "1984" வெளிவந்தது. உலகம் பாராட்டியது. ஆசிரியர் படுக்கையில் கிடந்தார்.

செப்டம்பரில் லண்டன் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அக்டோபர் 13-ந் தேதி சோனியா என்ற பெண்ணை ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே மணந்தார். சுவிட்சர்லாந்துக்குச் செல்ல ஏற்பாடு நடந்தது. அங்கே மீன் பிடிக்கலாம் என்ற ஆசையில், தூண்டில் கழி ஒன்றை அறையின் மூலையில் வைத்திருந்தார். புறப்படச் சில நாட்களே இருந்தன. 1950 ஜனவரி 21-ந் தேதி, நுரையீரலில் ரத்தம் பீறிட்டு உயிர் பிரிந்தது. ரிச்சர்டுக்கு அப்போது ஆறு வயதுகூட நிறையவில்லை. அத்தை அவ்ரில் அவனை வளர்த்தார்.

பிறகு தெரிந்த உண்மை

ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் பழகாது. இந்த உண்மை அவர் இறந்த 1950-ம் ஆண்டு வாக்கில்தான் உறுதியாயிற்று. 1952-ல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. விலை மலிவு. பலன் அதிகம்.

மற்றொரு பெரிய உண்மை நம் சென்னையில் தெரிந்தது. 1956-ல் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். அவர்களோடு வசித்த மனைவி மக்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. பிள்ளையைத் தொடப் பயந்து கிடந்த தந்தைமார்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா!

இன்று சாதாரணக் காச நோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம். சரியாகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் மாற்று மருந்து தருவார். தானாக நிறுத்தக் கூடாது. உடம்பு தேறியது போல் தோன்றும்போது நிறுத்தினால், கிருமி பலம் பெற்றுத் திரும்பும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆர்வெலுக்குக் கிடைத்த மருந்தை அவரால் தாங்க முடியவில்லை. நமக்கு நல்ல மருந்தும் இருக்கிறது. அதைக் கொடுக்கும் முறையும் தெரிந்திருக்கிறது. கடைசி மாத்திரை வரை சாப்பிடும் பொறுமை மட்டும் இருந்தால் போதும்.