ஃபாபரும் கம்பளிப்புழுக்களின் ஊர்வலமும்

பிரெஞ்சு தேசத்தின் தென்பாகத்தில், அவேரோன் என்னும் மலைப்பாங்கான நாட்டிலே, 1823-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் ழான் ஆன்ரி ஃபாபர். வறுமையாற் படிப்பு இடையிடையே தடைப்பட்டும், தாமே முயன்று கற்று ஆசிரியராயினர். சம்பளமோ சொற்பம், குடும்பமோ பெரிது. அவிஞோன் நகரில் பெண்களுக்குப் பூக்கள் கருக்கொள்ளும் வகையைக் கற்பித்தது தகாதென்று சிலர் தூற்ற, உத்தியோகமும் குடியிருந்த வீடும் ஒருங்கே போயின. பாடம் நன்கு சொன்னதற்கு இப்படியும் ஒரு பரிசு! பின்னர்ப் பள்ளி நூல்கள் எழுதிப் பொருளீட்டி, 1879-இல் ஸெரிஞான் என்னும் சிற்றூரில் கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு நிலமொன்றை வாங்கினர். பூச்சிகளைப்பற்றி அவர் எழுதிய பத்துப் பாகங்களும் அந்நாள்முதல் 1907 வரையில் வெளிவந்தவையே.

அவற்றுள் நம் உள்ளத்தை விட்டகலாதது பைன் மரத்துக் கம்பளிப்புழுக்களின் வரலாறாகும். இவை இராக்காலத்தில் இரைதேடச் செல்லுங்கால், ஒன்றன் வாலை மற்றொன்றன் தலை தொட, ஒரே கயிறுபோல் நீண்டு ஊர்ந்து செல்லும். ஒவ்வொன்றும் தான் செல்லும் வழியில் மெல்லிய பட்டிழையை இட்டுச்செல்லும். இவ்வூர்வலத்தை நடத்துவது யார்? ஃபாபர் முதற்புழுவை அகற்றிப் பார்த்தனர். இரண்டாவது அவ்விடத்தை ஏற்றது, வரிசை குலையவில்லை. நடுவில் ஒன்றை எடுத்தனர். இரண்டு ஊர்வலங்களாயின, இரண்டிற்கும் தலைமை உண்டாயிற்று. ஆகவே, முன்நிற்பது தற்செயலேயன்றித் தகுதியன்று என்று துணிந்தனர்.

அப்படியானால் முதலும் கடையும் இல்லாத வரிசை என்னாகும்? 1896-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், புழுக்கள் பெரிய பூந்தொட்டியொன்றன் விளிம்பில் ஏறி வட்டமாக நிறைந்ததும், பின்வந்தவற்றை நீக்கி, ஏறிவந்த இழைகளையும் தூரிகையால் துடைத்துவிட்டனர். விளிம்பின் சுற்றளவு 1.35 மீட்டர். புழுக்கள் சுற்றத் தொடங்கின; சுற்றிக்கொண்டேயிருந்தன. பசி வந்தால் ஏதேனும் ஒன்று விலகும் என்று அவர் எதிர்பார்த்தனர். உணவு அருகிலேயே இருந்தது, ஒன்றும் விலகவில்லை. இராக்குளிரில் குவியலாய் ஒடுங்கும். வெயில் ஏறியதும் மீண்டும் அதே வட்டம். ஏழு நாள் கழிந்தது. ஓய்வு நேரத்தை விலக்கி, 84 மணிநேர நடையென்றும், நிமிஷத்திற்கு 9 சென்டிமீட்டர் வீதம் 453 மீட்டர் தூரமென்றும், 335 சுற்றுக்களென்றும் அவர் கணக்கிட்டிருக்கின்றனர். எழுபத்திரண்டு வயதிலும் இவ்வளவு பொறுமை! புழுக்களின் பொறுமையினும் இதுவே நமக்கு வியப்பாகின்றது.

அவற்றைக் காத்தது அறிவன்று, குளிரும் களைப்புமே. அவற்றால் வரிசை அறுபட்டபோது, சில புழுக்கள் விளிம்பைவிட்டுத் தடுமாறி இறங்கிப் புதிய இழைகளை இட்டன. அவ்வழியே எட்டாம் நாள் அனைத்தும் கூடடைந்தன.

ஃபாபர் 1915-ஆம் ஆண்டு அக்டோபரில், தொண்ணூற்றிரண்டாம் வயது நிறையுமுன், ஸெரிஞானிலேயே காலஞ்சென்றனர். பட்டிழையே புழுக்களைப் பிணிப்பதென்று அவர் கொண்டது பிற்காலத்தில் திருத்தம் பெற்றது. முன்செல்லும் புழுவின் உடற்கடையிலுள்ள மயிர்கள் பின்வருவதன்மேற் படும் தொடுகையே முதன்மையானதென்றும், வழியிற் படியும் மணப்பொருளும் இழையும் அதற்கு அடுத்தவையென்றும் 2003-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. தலைவன் இல்லையென்ற அவர் முடிபு மட்டும் அசையாது நிற்கின்றது.