எட்டு மணி நேரம் வாங்கித் தந்தவர்



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிசாகச் சேரப் போகிறோம். அதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் மக்கள் தலைவர் வ. சுப்பையா.

1911-ல் புதுச்சேரியில் பிறந்தவர். அப்போது நம்ம ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பெரிய பஞ்சாலைகள். விடிவதற்கு முன்னால் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரணும். சங்கம் வைக்கவும் உரிமை கிடையாது. இளைஞர் சுப்பையா 1934-ல் ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளிகளை ஒன்று சேர்த்தார். வேலை நிறுத்தங்கள் நடந்தன.

1936 ஜூலை 30. சவானா மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 தொழிலாளர்கள் செத்து விழுந்தார்கள். ஆனாலும் போராட்டம் அடங்கவில்லை. அந்த வருடம்தான் பிரான்சில் லியோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்திருந்தது. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் இங்கே சட்டமாயின. எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவில் அன்றைக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று சட்டம் இருந்தது!

சிறை, தலைமறைவு எல்லாம் பார்த்தார் சுப்பையா. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ல் முடியும் வரை விடுதலைக்கும் போராடினார். பிறகு சட்டமன்ற உறுப்பினராக, அமைச்சராக இருந்தார். 1993-ல் மறைந்தார்.

எங்க ஊர் வில்லியனூர் பக்கம். எங்க தாத்தா தினமும் சைக்கிள் மிதித்து மில்லுக்குப் போனவர். கைநாட்டுதான். ஆனால் எட்டு மணி நேரம் முடிந்து சங்கு ஊதினால் நிமிர்ந்து வெளியே வருவார். அந்த மில்களெல்லாம் 2020-க்குள் மூடிவிட்டார்கள். எங்க அப்பா இப்போ ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கேட்டால் நாளைக்கு வராதேன்னு சொல்லிடுவாங்களாம். சட்டம் இருக்கு, கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மெஷினைப் பற்றிப் படிக்கிற நாம், அதன் பக்கத்தில் நிற்கிற மனிதனின் நேரத்துக்கும் கணக்குக் கேட்கக் கற்போம். 12 பேர் உயிர் கொடுத்து வாங்கிய எட்டு மணி நேரம் அது. விட்டுவிடக் கூடாது நண்பர்களே!