பேச அஞ்சிய பெருந்தகை

விடை தெரிந்திருந்தும் வகுப்பில் எழுந்து நிற்கத் தயங்கும் தோழியர் நம்மிடையே பலர் உண்டு. ஆசிரியை பெயர் சொல்லி அழைத்ததும் நா வறண்டு போகும். கால்கள் நடுங்கும். காலையில் மனப்பாடம் செய்த பாடமெல்லாம் மறந்து போகும். இந்த அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. திருக்குறளின் 73ஆம் அதிகாரத்தின் பெயரே அவையஞ்சாமை. பத்துக் குறள்கள் இதைப் பற்றியே கூறுகின்றன. நம்மைவிடப் பன்மடங்கு இவ்வச்சத்தால் துன்புற்ற ஒருவர், பின்னாளில் ஒரு நாட்டையே தம் சொல்லால் எழுப்பினார். அவர்தாம் அண்ணல் காந்தியடிகள்.

குஜராத்தில், நம் பழவேற்காட்டைப் போலவே கடலோர ஊரான போர்பந்தரில், 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கரம்சந்த், புத்லிபாய் தம்பதியரின் மகனாக மோகன்தாஸ் பிறந்தார். இராஜ்கோட்டில் பள்ளியில் படித்தபோது புத்தகங்களே அவருக்குத் துணை. மணி அடிக்கும் நேரத்திற்குப் பள்ளிக்கு வருவார். பள்ளி விட்டதும் வீட்டிற்கு ஓட்டம் பிடிப்பார். யாரேனும் தம்மை நிறுத்திப் பேசிவிடுவார்களோ, கேலி செய்வார்களோ என்ற பயமே அதற்குக் காரணம்.

1888ஆம் ஆண்டு சட்டம் படிக்க இலண்டன் புறப்பட்டபோது, அவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் வழியனுப்பு விழா நடத்தினார்கள். நன்றி கூறச் சில வரிகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனார். அவற்றைப் படிக்க எழுந்தபோது தலை சுற்றியது. உடல் முழுவதும் நடுங்கியது. தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடிந்தது.

இலண்டனிலும் இக்கூச்சம் அவரை விடவில்லை. அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினரானார். கூட்டங்களில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பார். ஒருமுறை டாக்டர் அல்லின்சன் என்பவரை, அவருடைய கருத்துக்காகச் சங்கத்திலிருந்து நீக்க முயன்றார்கள். அக்கருத்து காந்தியடிகளுக்கும் உடன்பாடில்லை. ஆயினும் அதற்காக ஒருவரை நீக்குவது முறையன்று என்று அவர் எண்ணினார். அதை எழுந்து சொல்லத் துணிவில்லாமல் தாளில் எழுதிக் கொடுத்தார், வேறொருவர் படித்தார். 1891இல் தாயகம் திரும்பும் முன் நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். அதற்காகச் சிந்தித்துத் தயாரித்த பேச்சில் முதல் வாக்கியத்திற்கு மேல் நினைவுக்கு வரவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் பம்பாய்க்கு வந்த அவருக்கு, சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் முதல் வழக்கு கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். நீதிமன்றமே சுழல்வது போலிருந்தது. ஒரு கேள்வியும் எழவில்லை. அப்படியே அமர்ந்து, வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கச் சொல்லிக் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். படிப்பிருந்தும் பட்டமிருந்தும் நா எழவில்லை!

இத்தகையவர் எவ்வாறு மாறினார்? இங்கேதான், தோழியரே, நாம் உற்று நோக்க வேண்டும்.

1893இல் ஒரு வழக்கிற்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தும், வெள்ளையர் அல்லர் என்பதற்காக மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரயிலிலிருந்து தள்ளப்பட்டார். தமக்கு நேர்ந்த அவமானம் அங்குள்ள இந்தியர் அனைவருக்கும் அன்றாடம் நேர்வதை விரைவில் உணர்ந்தார். பிரிட்டோரியா நகரில் இந்தியர்களை ஒரு வணிகர் வீட்டில் கூட்டினார். வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்பது பற்றி, முன்னரே நன்கு சிந்தித்து வைத்ததைப் பேசினார். அதுவே அவரது முதல் பொதுப் பேச்சு. அங்கிருந்தவர்கள் ஆங்கிலம் கற்பது நல்லது என்றும், தாமே கற்றுத் தருவதாகவும் கூறினார். ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர் என மூவர் முன்வந்தனர். அவர்கள் இருக்கும் இடத்திற்கே சென்று கற்பித்தார்.

1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி அவரிடம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, கிழிந்த உடையுடன் தலைப்பாகையைக் கையில் ஏந்தி நின்றார். காந்தியடிகளின் தமிழ் எழுத்தர் அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார். காந்தியடிகள் அவரை மருத்துவரிடம் அனுப்பிச் சான்று பெற்று, நீதிபதியிடம் அழைத்துச் சென்று, அந்த முதலாளியிடமிருந்து விடுவித்தார். பம்பாயில் தமக்காக ஒரு சொல்லும் பேச இயலாதவர், டர்பனில் ஓர் ஏழைக்காகப் பேசினார். காரணம் எளிது. அன்று அவர் மனத்தில் நின்றது பாலசுந்தரத்தின் முகம். தம்மை எவர் நகைப்பார் என்று எண்ண அங்கே இடமில்லை.

ஆனால் அச்சம் ஒரே நாளில் ஓடிவிடவில்லை. 1896இல் பம்பாயில் சர் பெரோஸ்ஷா மேத்தா தலைமையில் நடந்த பெருங்கூட்டத்தில், எழுதி வைத்த உரையைப் படிக்கும்போது குரல் நடுங்கித் தாழ்ந்தது. இறுதியில் அதை வாச்சா என்ற தலைவர் படித்து முடித்தார். அதற்காகக் காந்தியடிகள் வீட்டில் முடங்கிவிடவில்லை. அடுத்த மாதமே சென்னைக்கு வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசினார். பாலசுந்தரத்தின் துயரத்தை அறிந்த நம் தமிழ் மக்கள் பேரார்வத்துடன் கூடி, அந்த நீண்ட உரையைச் சொல் சொல்லாகக் கவனித்துக் கேட்டார்கள். 1901இல் கல்கத்தா காங்கிரசில் பேச அவருக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். பேச்சை முடிக்க நெருங்குமாறு நினைவூட்டும் மணியை, நிறுத்தச் சொல்லும் மணி என்று எண்ணி இடையிலேயே அமர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 32!

பிற்காலத்தில் அவர் கூச்சத்தைக் குறையாகவே கருதவில்லை. சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும், எண்ணிப் பார்த்துப் பேசவும் அது தமக்குக் கற்றுத் தந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதினார். திங்கட்கிழமைகளில் மௌன விரதம் காத்தார். 1942இல் பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தின்போது அவர் பேசியதும் ஆரவாரமற்ற பேச்சே. அதைக் கேட்டு நாடே எழுந்தது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் அக்குரல் அடங்கியது.

இனி நம் ஊரைப் பார்ப்போம். நம் குப்பங்களில் மீன் கூடையுடன் சந்தைக்குச் செல்லும் அன்னையர் எவர் முன்னும் அஞ்சாமல் விலை பேசுகின்றனர். அவர்களுக்கு யார் பேச்சுப் பயிற்சி அளித்தார்கள்? மாலையில் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குக் குரல் தருகிறது. ஏரியின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது. இறாலும் மீனும் குறையும். நம் நாவில் அச்சம் அடைத்துக்கொண்டால் நாம் கற்றதும் அவ்வாறே பயனின்றிப் போகும். நாளை மருத்துவமனையில் பாட்டியின் நோயைச் சொல்லவும், அலுவலகத்தில் தந்தைக்காக மனு எழுதிக் கேட்கவும், ஆண்களே பெரும்பாலும் பேசும் ஊர்க் கூட்டத்தில் ஒரு நியாயத்தை எடுத்துரைக்கவும் நமக்குக் குரல் வேண்டுமன்றோ?

எனவே தோழியரே, காந்தியடிகள் சென்ற வழியிலேயே நாமும் செல்வோம். சொல்ல வேண்டியதை முதலில் எழுதிப் பார்ப்போம். தங்கைக்கோ தோழிக்கோ ஒரு பாடத்தைக் கற்பித்துப் பழகுவோம். பிறகு வகுப்பில் எழுந்து நிற்போம். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். யார் பார்க்கிறார்கள் என்று எண்ணாமல், யாருக்காக, எதைச் சொல்கிறோம் என்று எண்ணுவோம். பேசுகின்ற தோழி தடுமாறும்போது சிரிக்காமல் செவிசாய்ப்பது கேட்போரின் கடமை. சிறுவன் மோகன்தாஸ் அன்று வீட்டிற்கு ஓடியது பிறர் கேலிக்கு அஞ்சியே என்பதை நாம் மறக்க வேண்டாம்.