நாடக உலகத்துக்கே வாத்தியார்... கடைசி காலத்தில் பேச்சு இழந்த சோகம்! கடலூர் பக்கத்தில் உறங்கும் சங்கரதாஸ் சுவாமிகள்

கடலூர்:

2019-ம் ஆண்டு நடந்த நடிகர் சங்கத் தேர்தல் பலருக்கும் ஞாபகம் இருக்கும். பாண்டவர் அணியை எதிர்த்து நடிகர் பாக்யராஜ் தலைமையில் ஒரு அணி களத்தில் இறங்கியது. அந்த அணிக்கு வைத்த பெயர், சுவாமி சங்கரதாஸ் அணி.

பெயரைக் கேட்டதும் யாரோ ஒரு சாமியார் போல என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி நாடகங்களை எழுதியவர் இவர்தான். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று கலைஞர்கள் இன்றைக்கும் கும்பிடுகிற வாத்தியார்.

தெற்குச் சீமையில் பிறந்தவர். ஆனால் அவர் உயிர் பிரிந்தது நம்ம கடலூருக்குப் பக்கத்தில், புதுச்சேரியில். கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது அவரது சமாதி.

உப்பு கணக்கு எழுதியவர்

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தார் சங்கரதாஸ். அப்பா தமிழ் படித்தவர். முதல் பாடம் அவரிடம்தான். பிறகு பழனிக்குப் போய் தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணம், இலக்கியம் கற்றார். வெண்பா, கலித்துறை எல்லாம் சின்ன வயதிலேயே கைவந்து விட்டது.

ஆனால் பாட்டு எழுதினால் வயிறு நிறையுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். மாசம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை. வேறு யாராக இருந்தாலும் அதிலேயே இருந்திருப்பார்கள்.

அவருக்கு மனசு ஒட்டவில்லை. 24-வது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார். கூத்தாடி என்று ஊர் ஏளனம் செய்த காலம் அது. கூத்தாடிக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். வாடகைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள். அந்தத் தொழிலுக்குத்தான் இந்தப் படித்த மனிதர் வலிய வந்தார்.

கூத்து பூமியில் நாடகக் கொட்டகை

அன்றைக்கு கடலூர், சிதம்பரம், விழுப்புரம் எல்லாமே தென்னாற்காடு ஜில்லா. கடலூர்தான் தலைநகர். இது கூத்து பூமி. திரவுபதி அம்மன் கோவில் இருக்கிற ஊரில் எல்லாம் பாரதக் கூத்து நடக்கும். கட்டியக்காரன் வந்து ராஜாவையே கிண்டல் அடிப்பான். ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து விடியும்வரை பார்த்துவிட்டுப் போவார்கள்.

ரயில் வந்ததும் நிலைமை மாறியது. விழுப்புரத்தில் இருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் வரை 1870-களிலேயே ரயில் பாதை போட்டாகி விட்டது. சீன், உடுப்பு, ஆர்மோனியப் பெட்டி எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு கம்பெனி நாடகங்கள் ஊர் ஊராகக் கிளம்பின. ஒரு ஊரில் கீற்றுக் கொட்டகை போட்டால் கூட்டம் குறையும்வரை அங்கேயே முகாம். கூட்டம் குறைந்தால் மூட்டையைக் கட்டி அடுத்த ஊர்.

அப்போது மைக் கிடையாது. ராஜபார்ட் எடுத்துப் பாடினால் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழவேண்டும். அதனால் குரல் இருந்தவர்கள் வைத்ததுதான் சட்டம். கதை ஒரு பக்கம் போகும். நடிகர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டை ஒரு பக்கம் பாடிக்கொண்டிருப்பார்கள். வசனம் அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததுதான். இரண்டு நடிகர்களுக்குள் போட்டி வந்துவிட்டால் கதையை மறந்துவிட்டு மேடையிலேயே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டு வந்தவர் சங்கரதாஸ். யார் எப்போது மேடைக்கு வரவேண்டும், என்ன பாட்டு பாடவேண்டும், என்ன பேசவேண்டும் என்று முழுசாக எழுதிக் கொடுத்தார். பண்டிதர் தமிழை அப்படியே தூக்கி மேடையில் வைக்கவில்லை. படிக்காத ஜனத்துக்கும் புரிகிற மாதிரி எழுதினார். அதற்குள்ளேயே குறளையும் பழைய நீதி நூல்களையும் நைசாக நுழைத்துவிட்டார். ரிக்‌ஷாக்காரரும் மூட்டை தூக்குபவரும் ஓசியில் தமிழ் படித்தது இவரிடம்தான்.

எமனாக வந்தார்... ஜனம் நடுங்கியது

எழுதியது மட்டும் அல்ல, நடிப்பிலும் சங்கரதாஸ் புலி. ராவணன், இரணியன், எமதர்மன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேடங்கள்தான் அவருக்கு. ஆஜானுபாகுவான உடம்பு, இடி மாதிரி குரல். எமனாகப் பாசக்கயிற்றோடு அவர் நுழைந்தால் குழந்தைகள் அலறும்.

அந்த நடிப்பே அவருக்கு வினையாகவும் முடிந்தது.

நளதமயந்தி நாடகத்தில் ஒருநாள் சனீஸ்வரன் வேடம் போட்டார். நாடகம் முடிந்ததும் பொழுது விடியும் முன்பு வேடத்தைக் கலைக்கக் குளத்துக்குப் போனார். உடம்பெல்லாம் கருப்பு, முகத்தில் கோரம். அரை இருட்டில் அவரைப் பார்த்த ஒரு பெண் பயந்து அங்கேயே உயிரை விட்டாராம். இன்னொரு ஊரில் அவர் எமனாக வந்து கர்ஜித்ததில், நாடகம் பார்த்துக் கொண்டிருந்த பெண் ஒருவருக்குக் கரு கலைந்துவிட்டதாம். நாடகக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் சம்பவங்கள் இவை.

இதில் மனசு உடைந்துபோன சங்கரதாஸ், இனி வேடம் கட்டுவதில்லை என்று முடிவு எடுத்தார். காவி கட்டிக்கொண்டு கோவில் கோவிலாகச் சுற்றினார். சங்கரதாஸ், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அப்போதுதான். கடைசிவரை கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

சுற்றி அலைந்தவரைப் பிடித்து நிறுத்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா வாத்தியத்தில் பெரிய மேதை. சுவாமிகளைத் தன் சுவீகார புத்திரனாகவே ஏற்றுக்கொண்டார். அவரிடம் இருந்து தாளக்கட்டு முழுவதையும் கற்றுக்கொண்ட சுவாமிகள் மறுபடி நாடகத்துக்கே திரும்பினார். இந்தமுறை நடிகராக அல்ல, வாத்தியாராக!

ஒரே ராத்திரியில் ஒரு நாடகம்

வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர் என்று அன்றைக்குப் பெயர் பெற்ற கம்பெனிகள் எல்லாம் சுவாமிகளை வாத்தியாராகக் கூப்பிட்டன. 1910-ல் சமரச சன்மார்க்க சபை என்ற பெயரில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். பின்னாளில் தன் பாட்டால் தமிழ்நாட்டையே மயக்கிய செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா, சிறுவனாக இருந்தபோது சுவாமிகளிடம் பாடம் கேட்டவர்.

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் 40-க்கும் மேல். வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், நல்லதங்காள், லவகுசா, பிரகலாதன், சதி அனுசுயா என்று பட்டியல் நீளும். இங்கிலாந்தின் ஷேக்ஸ்பியரையும் விட்டுவைக்கவில்லை. ரோமியோ ஜூலியட்டைத் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்தார்.

அவர் எழுதும் வேகத்தைப் பார்த்துப் பிரமித்துப் போவார்களாம். அபிமன்யு சுந்தரி நாடகத்தை ராத்திரி எழுத உட்கார்ந்தவர், விடிவதற்குள் முடித்துவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள், வசனம் எல்லாம் சேர்த்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதியது. அதில் அபிமன்யுவாக நடித்தவர் ஒரு பொடியன். பெயர் டி.கே.சண்முகம். பிற்காலத்தில் அவ்வை வேடம் கட்டி 'அவ்வை' சண்முகம் என்று புகழ் பெற்றவர் இவர்தான்.

சோறு போட்ட சிறுவர் கம்பெனி

பெரிய நடிகர்களை வைத்து மேய்ப்பது லேசான காரியமாக இல்லை. சிலர் நேரத்துக்கு வரமாட்டார்கள். சிலர் குடித்துவிட்டு வருவார்கள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பாடுவார்கள். வெறுத்துப்போன சுவாமிகள் சின்னப் பையன்கள் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது.

அந்த வருஷம்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். 1912-ல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது வயது 6.

பையன்களுக்குக் கம்பெனியில் சாப்பாடு, துணி, தங்க இடம். மாசச் சம்பளம் வீட்டுக்குப் போகும். காலையில் எழுந்து பாட்டு, வசனம் பாடம். தப்பாகச் சொன்னால் வாத்தியாரிடம் அடி விழும். ராத்திரி முழுக்க நாடகம். பொம்பளை வேடமும் பையன்கள்தான் கட்டவேண்டும். இன்றைய கண்ணால் பார்த்தால் இது குழந்தைத் தொழில்தான். ஆனால் கஞ்சிக்கே கஷ்டப்பட்ட அன்றைய குடும்பங்களுக்குப் பிள்ளை மூன்று வேளை சாப்பிடுகிறானே என்ற நிம்மதி.

அந்த நிம்மதிக்கும் ஒரு காலக்கெடு உண்டு. வயசுக்கு வரும்போது பையன்களுக்குக் குரல் உடையும். மகரக்கட்டு என்று சொல்வார்கள். நேற்றுவரை கைத்தட்டல் வாங்கியவன் இன்று பாட முடியாமல் நிற்பான். குரல் திரும்பி வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் எடுபிடி வேலை, இல்லை ஊருக்கு ரயில்.

இதுபோன்ற சிறுவர் கம்பெனிகள்தான் பின்னால் சினிமாவுக்கு ஆள் கொடுத்தன. எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். நம்ம விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன், யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை கம்பெனியில் வளர்ந்தவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் இருந்தவர்.

பேச்சு நின்றது

1921-ம் ஆண்டு. கம்பெனி சென்னையில் முகாம் போட்டிருந்தது. அப்போதுதான் அந்த இடி விழுந்தது. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விளங்கவில்லை. எமனாகக் கர்ஜித்த அந்த வாயில் இருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஊரெல்லாம் பேச வசனம் எழுதிக் கொடுத்தவருக்கு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கக்கூடச் சைகைதான்.

வீடு, மனைவி, பிள்ளைகள் எதுவும் இல்லாத மனிதர். கம்பெனிதான் அவருக்குக் குடும்பம். அதனால் நோயோடும் கம்பெனி கூடவே ஊர் ஊராகப் போனார். நடிக்கிற பையன்களைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழித்தார்.

கம்பெனி புதுச்சேரிக்கு வந்தது. 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, திங்கட்கிழமை ராத்திரி சுவாமிகளின் உயிர் பிரிந்தது. அப்போது வயது 55. பிறந்த ஊருக்குக் கொண்டு போகவில்லை. கருவடிக்குப்பத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அதே கருவடிக்குப்பம் தோப்பில்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு மகாகவி பாரதியார் குயில் பாட்டு எழுதினார். சுவாமிகள் சிறுவர் கம்பெனி தொடங்கிய அதே 1918-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியைப் போலீசார் பிடித்துக் கடலூர் சிறையில் அடைத்தார்கள். 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். 14 மாதம் கழித்து சுவாமிகளும் போய்விட்டார். பாரதி பாட்டு பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போனது. சுவாமிகள் பாட்டு ஜனங்கள் வாயிலேயே தங்கிவிட்டது.

பாட்டு மட்டும் தங்கியது, எழுதியவர் பெயர் தங்கவில்லை. மேடையில் கேட்டதை எழுதி, மலிவு விலைப் பாட்டுப் புத்தகமாகப் போட்டுக் காசு பார்த்தவர்கள் உண்டு. வள்ளி திருமணத்தை 1933-ல் சினிமாவாக எடுத்தார்கள். 1934-ல் வந்த பவளக்கொடி படத்தில்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர் சினிமாவுக்கே அறிமுகம் ஆனார். மேடையில் சுவாமிகள் ஓடவிட்ட கதைகளை நம்பித்தான் பேசும்படம் நடை பழகியது.

வாத்தியார் பெயரை மறக்காமல் காப்பாற்றியவர் 'அவ்வை' சண்முகம். ஊர் ஊராகப் போய்ச் சுவாமிகளைப் பற்றிப் பேசினார், எழுதினார். மதுரையில் தமுக்கம் மைதானம் பக்கத்தில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. புதுச்சேரி மத்திய பல்கலைக்கழகத்தில் உள்ள நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் சோறு போடுகிறார்

மதுரை, புதுக்கோட்டை பக்கம் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. இதில் ஒரு அதிசயம் உண்டு. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். ஒத்திகையே கிடையாது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். சில பேர் ஒருவரை ஒருவர் முதல்முறை பார்ப்பதே மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான். ஆனால் ராத்திரி 10 மணிக்கு நாடகம் தொடங்கினால் விடியும்வரை பிசகாமல் நடக்கும்.

காரணம், எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். நூறு வருஷத்துக்கு முன்பு சுவாமிகள் எழுதிக் கொடுத்த அதே பாடம். முருகன் என்ன கேட்பார், வள்ளி என்ன பதில் பாடுவாள் என்று இருவருக்குமே தெரியும். அந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் எத்தனையோ கலைஞர் வீட்டில் இன்றும் அடுப்பு எரிகிறது.

அந்த நன்றிக்காகத்தான் ஆண்டுதோறும் சுவாமிகள் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பம் சமாதிக்கு வந்து, மாலை போட்டு, வாத்தியாருக்கு அவர் பாட்டையே பாடிவிட்டுப் போகிறார்கள்.