கனவுக்குள் விழித்திருந்த மருத்துவர்

கனவு காணாதார் உலகில் அரியர். எனினும், காண்பது கனவே என்பதனைக் கனவுக்குள்ளேயே உணர்ந்து, உறக்கம் கலையாமல் அதனை உற்றுநோக்கி, விழித்தபின் முறையாகக் குறித்து வைத்தோர் சிலரே. அவருள் ஒருவர் ஃபிரெடெரிக் வான் ஏடன். 'தெளிவுக் கனவு' என இன்று வழங்கும் பெயரை நிலைபெறச் செய்தவர் அவரே.

நெதர்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரில் 1860 ஏப்ரல் 3-ஆம் நாள் பிறந்த வான் ஏடன், மருத்துவம் பயின்றவர், எழுத்தாலும் புகழ்பெற்றவர். 'சிறுவன் யோகான்னஸ்' என்னும் அவர்தம் கதை டச்சு மக்கள் போற்றும் நூலாகும். உளநோய்க்கு மருத்துவம் செய்த அவர், 1896 முதல் தம் கனவுகளையும் ஏட்டில் பதியத் தொடங்கினார்.

1897 ஜூன் திங்களில் முதற்பொறி தட்டிற்று. இலையுதிர்ந்த மரங்களினூடே மிதந்து செல்வதாகக் கனவு. கடந்து செல்லச் செல்ல, கிளைகளும் சிறு கொம்புகளும் இயற்கையில் நிகழுமாறே ஒன்றையொன்று விலகியும் மறைத்தும் தோன்றின. இத்துணை நுட்பத்தைத் தம் கற்பனையால் படைத்தல் இயலுமோ என உறக்கத்திலேயே அவர் வியந்தார். (எர்ன்ஸ்ட் மாக் என்னும் அறிஞரோ கனவில் கொம்புகள் அசைந்த முறையில் குறைகண்டே அது கனவெனத் தெளிந்தாராம்! கண்ட பொருள் ஒன்று, முடிபு இரண்டு.)

1898 சனவரியில் ஐயம் அகன்றது. தோட்டத்தில் குப்புறக் கிடந்து, சாளரக் கண்ணாடி வழியே தம் நாயின் கண்களை நோக்குவதாகக் கனவு கண்டார். அதே வேளையில், கட்டிலில் மல்லாந்து கிடக்கும் தம் உடலையும் அறிந்திருந்தார். புதியவர் எவரும் அந்நிலையில் திடுக்கிட்டு விழித்திருப்பர். அவரோ, குப்புறக் கிடக்கும் உணர்வு மல்லாந்த உணர்வாக எவ்வாறு மாறுகிறது எனக் காண விரும்பி, மெல்ல மெல்ல விழித்தார். ஓர் உடலினின்று மற்றோர் உடலுக்கு நழுவியது போன்றிருந்தது; இரண்டின் நினைவும் எஞ்சியிருந்தது.

இத்தகைய கனவுகளை 1912 வரை 352 எனக் கணக்கிட்டார். 1904-இல் ஒரு கனவில் மெல்லிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கையால் ஓங்கிக் குத்தினார்; உடையவில்லை. சற்றுப் பொறுத்து நோக்க, உடைந்து கிடந்தது! நாடகத்தில் தன் முறை தவறிக் காலந்தாழ்த்து வரும் நடிகனைப் போல அஃது அவருக்குத் தோன்றிற்று. துண்டுகளைச் சாளரத்திற்கு வெளியே எறிந்து, ஒலி எழுகிறதா என்றும் செவிமடுத்தார், எழுந்தது.

இரவுக் கனவின் குறையை இங்ஙனம் கண்டறிந்தவர், பகற்கனவில் ஏமாந்தார். பொதுவுடைமை வாழ்வை நாடி, 1898-இல் புஸ்ஸம் அருகே 'வால்டன்' என்னும் குடியிருப்பை நிறுவினார். 1907-இல் அது முறிந்தது. அவர்தம் செல்வமும் அழிந்தது.

1913-ஆம் ஆண்டு அவருக்கு இன்பமும் துன்பமும் ஒருங்கே தந்தது. கனவாய்வைக் கட்டுரையாக இலண்டன் உளநிகழ்வு ஆய்வுக் கழகத்தின் முன் வைத்தார். தாகூரின் கீதாஞ்சலியை டச்சு மொழியில் பெயர்த்தார். மகன் பாலை நோய்க்குப் பறிகொடுத்தார். அம்மகனின் இறுதி நாள்களைக் குறித்து எழுதிய நூலுக்குப் 'பாலின் விழிப்பு' எனப் பெயரிட்டார்.

இறுதி ஆண்டுகளில் நினைவு மங்கி, 1932 ஜூன் 16-இல் மறைந்தார். தெளிவுக் கனவு என ஒன்று உண்டென்பதை அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், உறங்கிக்கொண்டிருந்த ஒருவர், முன்னரே பேசி வைத்தவாறு கண்களை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்தே குறிப்புணர்த்தினார்; கருவி அதனைப் பதிவு செய்தது.