போர்க்குதிரைகளின் புகலிடம்: டோரதி புரூக்

மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாத சுவாமியின் இலாஞ்சனம் குதிரை. ஜினாலயத்தில் அப்பெருமான் பீடத்தில் பொறித்த குதிரையைக் கண்டு கைகூப்பும் நாம், வீதியோரத்தில் புண்பட்டு நிற்கும் குதிரையைக் கடந்து போய்விடுகிறோம். அத்தகைய குதிரைகளைத் தேடிச் சென்று காத்த ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

டோரதி புரூக் 1883ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய கணவர் ஜெஃப்ரி புரூக் பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி. 1930இல் கணவருக்கு எகிப்தில் பணி அமையவே, அம்மையாரும் கெய்ரோ நகரம் சென்றார்.

1918இல் முதல் உலகப்போர் முடிவுற்றபோது, அப்பகுதியில் போரிட்ட படையினர் தம்மைச் சுமந்த குதிரைகளைத் தாயகம் கொண்டு செல்லவில்லை. ஆயிரக்கணக்கான குதிரைகள் அங்கேயே விற்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றுள் எஞ்சியவை பாரவண்டிகளை இழுத்துக்கொண்டிருந்தன. விலா எலும்பு துருத்தி, குளம்பு தேய்ந்து, கண்ணொளி மங்கிய அம்முதிய விலங்குகளைக் கண்டு அம்மையார் உள்ளம் நைந்தார்.

நைந்ததோடு அவர் நில்லாது செயலில் இறங்கினார். 1931இல் இலண்டனில் வெளிவந்த மார்னிங் போஸ்ட் நாளிதழுக்கு இக்குதிரைகளின் நிலையை விளக்கி ஒரு மடல் விடுத்தார். அதனைப் படித்த மக்கள் பொருளுதவி அனுப்பினர். அப்பொருளைக் கொண்டு மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை அவர் விலை கொடுத்து மீட்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறையாது கூறுதல் வேண்டும். மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தேறவியலாத அளவு நலிந்திருந்தன. அவை மேலும் துன்புறலாகாது என்றெண்ணி, நோவின்றி உயிர் நீங்கச் செய்தார். இரக்கத்தால் செய்யினும் உயிர்நீக்கம் நம் அறத்திற்கு உடன்பாடன்று. அவரவர் வினைப்பயன் முடியுமட்டும் உணவும் நீரும் மருந்தும் நிழலும் அளித்துப் பேணுதலே நம் நெறி. ஆயினும் அவரைக் குறை கூறுமுன், அவ்விலங்குகளை அந்நிலைக்கு ஆளாக்கியோர் எவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும்.

அவர்தம் தொண்டின் சிறந்த பகுதி இனித்தான் தொடங்குகிறது. முதிய குதிரையை விலைக்கு வாங்கிவிட்டால், அதன் உடையவர் பிழைப்பின் பொருட்டு வேறொன்றைப் பூட்டுவார். அதுவும் அவ்வாறே நலியும். உடையவரும் கொடியவரல்லர், வறியவர். மருத்துவத்திற்குப் பொருளற்றவர். இதனை உணர்ந்த அம்மையார், 1934இல் கெய்ரோவில் முதிய போர்க்குதிரைகளின் நினைவாக ஒரு மருத்துவமனையை நிறுவினார். உழைக்கும் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளுக்கு அங்குக் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கப்பட்டது. விலங்கின் மீது கொண்ட இரக்கம் அதனை நம்பி வாழும் ஏழையையும் தழுவியது.

1955இல் அவர் கெய்ரோவிலேயே மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அறநிறுவனம் இன்றும் பல நாடுகளில் பணியாற்றி வருகிறது. நம் நாட்டில் செங்கற்சூளைகளில் சுமை இழுக்கும் குதிரை, கழுதைகளும் அதனால் பயன்பெறுகின்றன.

இல்லறத்தாருக்குரிய கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. கெய்ரோ வீதியில் அம்மையார் கண்ட துயரத்துள் மிகுபாரமும் பசியும் முன்னின்றன. கொல்லாதிருப்பதோடு விரதம் நிறைவுறுவதில்லை. நம் பொருளைச் சுமந்து வரும் வண்டியில் பாரம் மிகுந்துள்ளதா, அதனை இழுத்த விலங்கு நீரருந்தியதா என்று வினவுவதும் விரதத்தின் பகுதியே. ஒரு வாளி நீரேனும் நம் வாயிலில் வைப்போமாக.