கம்பம் சாய்ந்தால் ஆபீஸுக்கு எப்படித் தெரியும்? இந்தியாவில் தந்திக் கம்பம் நட்ட டாக்டரின் கதை

திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸில் போறீங்கன்னு வைங்க. ஜன்னலோரம் கூடவே ஓடி வரும் மின்கம்பங்களை நாம் கவனிப்பதே இல்லை. இந்தப் பகுதிக்கான மின் விநியோக நிறுவனத்தின் தலைமையகம் திருப்பதியில்தான் இருக்கிறது. 2017-ல் தொடங்கிய ஆந்திர ஃபைபர்நெட்டும் தன் இணைய கேபிளை மின்கம்பங்கள் மீதே கொண்டுபோனது. ஒரு கம்பம் சாய்ந்தால் கரண்ட், நெட் இரண்டுமே போகலாம்.

அதனால்தான் கம்பத்துக்கு ஒரு எண், வரைபடத்தில் ஒரு புள்ளி, டிரான்ஸ்பார்மரில் ஒரு மீட்டர் என்று வைத்து, தூரத்திலிருந்தே கண்காணிக்கும் தொழில்நுட்பம் வருகிறது. ஆனால் இந்தத் தேவை புதுசு இல்லை.

யார் அந்த டாக்டர்?

வில்லியம் புரூக் ஓஷானஸி. அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1831-32 காலரா பரவலின்போது நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார். நீரும் உப்பும் குறைந்திருந்தன. குறைந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். இன்றைய டிரிப்ஸ் சிகிச்சைக்கு வழிகாட்டிய யோசனைகளில் அதுவும் ஒன்று.

1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இந்தியா வந்தார். 1839-ல் கல்கத்தா தாவரவியல் பூங்கா அருகே மூங்கில் நட்டு, கம்பி கட்டி, தந்தி அனுப்பிப் பார்த்தார். கம்பெனி பல வருஷம் கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி காலத்தில்தான் வேலை வேகம் பிடித்தது. 1855-ல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் நான்கும் இணைந்தன.

அவர் செய்த முக்கியமான விஷயம் என்ன?

ஐரோப்பாவை அப்படியே காப்பி அடிக்கவில்லை. குரங்கும் பறவையும் உட்கார்ந்தாலும் அறுந்துபோகாத தடித்த இரும்புக் கம்பியைப் போட்டார். மூங்கில், மரம், தெற்கில் கருங்கல் தூண் என்று அந்தந்த ஊரில் கிடைப்பதையே நட்டார்.

அவருக்குப் பிறகு இந்தியத் தந்தித் துறைக்கு வந்த லூயிஸ் ஷ்வெண்ட்லர், லைன்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். அடிப்படை எளிது: கம்பி எங்கோ மண்ணைத் தொட்டுவிட்டால், ஒரு முனையில் உட்கார்ந்து மின்தடையை அளக்கலாம், பழுது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடலாம். இன்றைய சென்சாருக்கு இது தாத்தா முறை.

இதில் நமக்கு என்ன?

1857-ல் டெல்லியில் கிளர்ச்சி வெடித்ததை அம்பாலாவுக்குச் சொன்னது தந்திதான். கம்பி யார் கையில் இருந்ததோ, தகவல் அவர்களுக்குத்தான் முதலில் போனது. கிளர்ச்சியாளர்கள் கம்பங்களைச் சாய்த்ததில் ஆச்சரியம் இல்லை. ஓஷானஸி அப்போது வெளிநாட்டில் இருந்தார். 1889-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அதே கேள்வி இன்றும் இருக்கிறது. கம்பம் சாய்ந்த தகவல் கண்ட்ரோல் ரூம் திரையோடு நின்றுவிடுமா? ஏறப்போகும் லைன்மேனுக்கும், மோட்டார் ஓடாமல் காத்திருக்கும் சித்தூர் விவசாயிக்கும் அதே நிமிடத்தில் போய்ச் சேருமா? உங்க ஊரில் ஸ்மார்ட் மீட்டர் மாட்ட வரும்போது, முதலில் இதைக் கேளுங்க.